எட்டுப் பேர் பட்டறை, நான்கு பக்க ஒப்பந்தம்

பந்தலூர் வட்டத்திலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

தாத்தாவும் பாட்டியும் 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். பெற்றோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள்தான். ஓய்வு பெற்றதும் தோட்டம் தந்த லயத்து வீட்டைக் (வரிசை வீட்டைக்) காலி செய்ய வேண்டியிருக்கும். இவர் கருவி, அச்சு வடிவமைப்பில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்துவிட்டு, கோவையில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஐந்தாண்டுகளாக ஜிக்குகளும் (துளையிடும் கருவியைச் சரியான இடத்துக்கு வழிநடத்துபவை) ஃபிக்சர்களும் (வேலை நடக்கும்போது பாகத்தை அசையாமல் பிடிப்பவை) வரைந்து வருகிறார்.

இப்போது ஜெர்மனியின் தென்பகுதியில், ஒரு சிற்றூரில், எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. உற்பத்திக்குத் தேவையான எளிய கருவிகளை வடிவமைக்கும் வேலை. உரிமையாளர் இரண்டு முறை வீடியோவில் பேசியிருக்கிறார். ஒரு தகட்டின் படத்தை அனுப்பி, அதில் துளையிட ஒரு ஜிக் வரையச் சொல்லியிருக்கிறார். வரைந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று. மாதச் சம்பளம் 3,400 யூரோ. இடையில் இருக்கும் ஏஜென்ட் ரூ.4,50,000 கேட்கிறார். மூன்று வட்டிக்கு வாங்கிக் கொடுக்க அப்பா தயாராக இருக்கிறார். கோவை நிறுவனம் சென்ற ஆண்டு ஒரு மென்பொருள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு இரண்டாண்டு பாண்ட் எழுதி வாங்கியிருக்கிறது. அதில் ஏழு மாதம் பாக்கி. முன்னதாக விலகினால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

அவருடைய கேள்விகள்: ஜெர்மனியில் ஒருமுறை வேலையில் சேர்ந்துவிட்டால் யாரும் நீக்க முடியாது என்கிறார்களே, உண்மையா? நான் வரைந்த ஃபிக்சர் தவறிப்போய்ப் பாகங்கள் வீணானால் சம்பளத்தில் பிடிப்பார்களா? ஐந்தாண்டுகளில் வரைந்த படங்களை எடுத்துப் போகலாமா? எளிய கருவிகளை மட்டுமே செய்து பழகிய நான் அங்கே தாக்குப்பிடிப்பேனா? கடைசியாகப் பாட்டி சொன்னதையும் எழுதியிருக்கிறார்: "நாங்கள் கப்பலேறும்போது பெட்டியில் முதலில் வைத்தது காகிதத்தைத்தான். போவதானால் போ. காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ."

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குடும்ப அட்டையில் ஓர் எழுத்து மாறியதற்காக வருடக்கணக்கில் தாலுகா அலுவலகம் அலைந்தவர்களின் வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன். அவர் சொன்னதன் எடை எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் ஜெர்மனி என்ற நாடும் எட்டுப் பேர் என்ற எண்ணும்தான் உங்களைப் பயமுறுத்துகின்றன. என்னைப் பயமுறுத்தியது நீங்கள் இணைத்து அனுப்பிய ஒப்பந்த நகல். அதை நீங்கள் படிக்கவில்லை, ஏஜென்டும் படித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஜெர்மன் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

முதலில் அந்தக் காகிதம்

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உங்கள் பணியின் பெயர் "ப்ரொடுக்ட்சியோன்ஸ்ஹெல்ஃபரின்" என்று இருக்கிறது. உற்பத்தி உதவியாளர் என்று பொருள். பாகத்தை இயந்திரத்தில் வைப்பது, எடுப்பது, பெட்டியில் அடுக்குவது, தரையைக் கூட்டுவது எல்லாம் அந்தப் பெயருக்குள் வரும். ஃபிக்சர் வரைவது வராது. வடிவமைக்கும் பெண்ணுக்கு அங்கே "கொன்ஸ்ட்ருக்டோரின்" என்று பெயர். உரிமையாளர் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் வடிவமைப்பாளர் என்றுதான் எழுதியிருக்கிறார். ஒப்பந்தம் வேறொன்றைச் சொல்கிறது.

உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். எட்டுப் பேர் பட்டறையில் ஆள் சேர்க்கும் துறை என்று தனியாக எதுவும் இருக்காது. போன முறை உதவியாளர் ஒருவரைச் சேர்த்தபோது அடித்த படிவத்தில் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் மாற்றியிருப்பார்கள். என் அலுவலகத்திலேயே விற்பனைப் பத்திரத்தில் பழைய கட்சிக்காரரின் தகப்பனார் பெயர் அப்படியே நின்றுவிட்ட கதை உண்டு. ஆனால் தவறுதலாக வந்த சொல்லும் விசா அலுவலகத்தில் சொல்லாகத்தான் படிக்கப்படும்.

காரணம் இது. உங்கள் டிப்ளமோ அங்கே பல்கலைக்கழகப் பட்டமாகக் கணக்கில் வராது. உங்களைப் போன்றவர்களுக்காக 2024 மார்ச் முதல் ஒரு வழி திறந்திருக்கிறார்கள். சொந்த நாட்டு அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்கல்வியும், கடந்த ஐந்தாண்டுகளில் அதே துறையில் இரண்டாண்டு அனுபவமும் இருந்தால், ஜெர்மன் அங்கீகாரம் இல்லாமலேயே போகலாம். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் போகும் வேலை திறன் சார்ந்ததாக இருக்க வேண்டும், உதவியாளர் வேலை அதில் சேராது. அதோடு ஆண்டுச் சம்பளத்துக்கு ஒரு கீழ்வரம்பும் உண்டு. 2025-இல் அது 43,470 யூரோவாக இருந்தது, ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள். உங்கள் 3,400-ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 40,800தான் வருகிறது. தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனமானால் இந்த வரம்பில் விலக்கு உண்டு. இவ்வளவு சிறிய பட்டறை அப்படிக் கட்டுப்பட்டிருப்பது அரிது.

எனவே "விசா உறுதி" என்று ஏஜென்ட் சொன்னது அவருடைய வாய்வார்த்தை. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் பெயரிலும் இடிக்கும், தொகையிலும் இடிக்கும்.

சரிசெய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. பணிப்பெயரையும் சம்பளத்தையும் திருத்தித் தரும்படி உரிமையாளரிடம் நேரடியாகக் கேட்பது ஒன்று. அந்த ஆண்டின் வரம்பை அவரே அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார். சம்பளத்தை அவ்வளவு உயர்த்த முடியாது என்று அவர் சொன்னால் "அங்கீகாரக் கூட்டு" என்ற இன்னொரு வழி இருக்கிறது. அங்கே போய் வேலை செய்துகொண்டே டிப்ளமோவுக்கு அங்கீகாரம் பெறுவது. இதில் அந்தப் பெரிய வரம்பு இல்லை, ஆனால் ஏ2 நிலை (அன்றாடப் பேச்சுக்கான தொடக்க நிலை) ஜெர்மன் தேர்ச்சி கட்டாயம், அங்கீகாரம் கிடைக்க உதவுவதாக முதலாளியும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வழியே மேலாகத் தோன்றுகிறது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

கையில் வரும் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணமாகாதவர் என்பதால் வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் போக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். வீட்டுக்கு அனுப்பும் கணக்கை 3,400-இல் போட்டிருக்கிறீர்கள். அதைக் கிழித்துவிட்டு மறுபடியும் போடுங்கள்.

நீக்கவே முடியாது என்பது

ஜெர்மனியில் யாரையும் நீக்க முடியாது என்று உங்களுக்குச் சொன்ன நண்பர் பெரிய கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். அவர் அளவில் அது ஓரளவு உண்மை. அந்நாட்டின் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம், பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். அதுவும் ஆறு மாதம் பணியாற்றிய பிறகு. எட்டுப் பேர் பட்டறை இந்த வேலிக்கு வெளியே இருக்கிறது. நீங்கள் சேர்ந்தால் ஒன்பது, அப்போதும் வெளியேதான்.

உங்கள் ஒப்பந்தத்தில் ஆறு மாதத் தகுதிகாண் பருவம் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு அதுதான். அந்த ஆறு மாதத்துக்குள் இரண்டு வார முன்னறிவிப்பில் யாரும் யாரையும் விட்டுப் போகலாம். அதன்பின் நான்கு வாரம், அதுவும் மாதத்தின் 15-ஆம் தேதியோ கடைசித் தேதியோ முடிவாகும்படி. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

இதைப் படித்துவிட்டு முகம் வாடினால், மறுபக்கத்தையும் கேளுங்கள். வேலி இல்லை என்றாலும் காவல் கொஞ்சம் உண்டு. பணிநீக்கக் கடிதம் மையால் கையெழுத்திட்ட காகிதமாக உங்கள் கைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வந்தால் அது செல்லாது. நீக்கம் தவறென்று தோன்றினால் மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், ஒரு நாள் தாண்டினாலும் கதவு அடைந்துவிடும். கர்ப்பிணிப் பெண்ணை நீக்குவதற்கான தடை எட்டுப் பேர் பட்டறைக்கும் உண்டு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் விடுப்பு. உங்கள் தாளில் 26 நாள் போட்டிருக்கிறது, நல்லது. முதல் நான்கு வாரம் கழிந்த பிறகு நோயுற்றால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். பட்டறையிலும் வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகும் வழியிலும் நேரும் விபத்துக்கான காப்பீடு முதல் நாளிலிருந்தே உண்டு. அதன் சந்தா முழுவதும் முதலாளியுடையது, உங்களிடம் ஒரு சென்ட்கூடப் பிடிக்கக் கூடாது.

வேலை போனால் உடனே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நீங்கள் இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு வேலை தேட அவகாசம் தருவதே அங்குள்ள வழக்கம். ஆனால் வேலையின்மை உதவித்தொகை வாங்குவதற்குப் பன்னிரண்டு மாதச் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் அந்தத் தாங்கல் உங்களுக்கு இல்லை. மூன்று மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான தொகையைத் தொடாமல் வைத்திருங்கள்.

இனி, வீணாகும் பாகங்கள். நம் பட்டறைகளில் டிரில் ஒடிந்தால், காஸ்டிங் கழிந்தால் சனிக்கிழமைக் கூலிக் கவரில் கை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. அங்கே நீதிமன்றங்கள் வகுத்து நிலைத்த விதி இது: சிறு கவனக்குறைவுக்குத் தொழிலாளி எதுவும் தர வேண்டியதில்லை. நடுத்தரக் கவனக்குறைவானால் இழப்பைப் பங்கிட்டுக்கொள்வார்கள். கண்மூடித்தனமான அலட்சியமோ வேண்டுமென்றே செய்ததோ இருந்தால்தான் முழுப்பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஃபிக்சரின் முதல் படத்தில் அரை மில்லிமீட்டர் தவறுவது எந்த வகையில் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

நாலரை லட்சம் எதற்கு?

பட்டறையைக் கண்டுபிடித்தது ஏஜென்ட் என்கிறீர்கள். வீடியோவில் பேசியது நீங்கள், ஜிக் வரைந்தது நீங்கள், பிடித்திருக்கிறது என்று சொன்னது உரிமையாளர். இதற்கு நடுவில் நாலரை லட்சத்துக்கு என்ன வேலை நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக ரூ.30,000-உம் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். "நான் ஆலோசகர்தான், ஏஜென்ட் இல்லை" என்று உங்கள் ஆள் சொல்வார், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் எந்த ஆலோசனைக்கு எவ்வளவு என்று ரசீதில் எழுதிக் கேளுங்கள்.

நாலரை லட்சத்துக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 13,500 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். தகுதிகாண் பருவத்தில் வேலை போனாலும் வட்டி தகுதிகாண் பார்க்காது. இந்தக் கடனோடு போகிறவர் எட்டாவது வாரத்தில் முதலாளி சொல்லும் எதற்கும் தலையாட்டுவார். சம்பளமில்லாக் கூடுதல் நேரத்துக்கும், பணிப்பெயரை மாற்றுவதற்கும்கூட. நான் பார்த்த வழக்குகளில் ஆளைக் கட்டிப்போட்டது பெரும்பாலும் ஊரில் வாங்கிய கடன்தான்.

விசாக் கட்டணம் 75 யூரோ. முதலாளி விரும்பினால் தம் ஊர் அலுவலகத்திலேயே 411 யூரோ கட்டித் துரித நடைமுறையைத் தொடங்கலாம். அதற்கு நீங்கள் ஓர் அதிகாரக் கடிதம் எழுதித் தந்தால் போதும். விண்ணப்பம் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குப் போகும். பட்டறை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க அந்நாட்டு வணிகப் பதிவேட்டை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். தனிநபர் கைத்தொழில் பட்டறையானால் அதில் பெயர் இல்லாமலும் இருக்கலாம், அப்போது அந்த வட்டாரக் கைத்தொழிலாளர் சங்கத்தின் பதிவைக் கேளுங்கள். இதையெல்லாம் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகி விசாரிக்கலாம்.

கோவையில் முடிக்க வேண்டிய கணக்கு

பாண்ட் எல்லாம் செல்லாது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி நிற்காது. ஆனால் இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இல்லையென்றால் இன்ன தொகை தருவேன் என்பது வேறு வகை. 2025 மே மாதம் பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. உங்கள் நிறுவனம் உண்மையாகவே பயிற்சிக்குச் செலவு செய்திருக்கிறது. எனவே சண்டைக்குப் போகாதீர்கள். பயிற்சிக்கு ஆன செலவின் கணக்கைக் கேளுங்கள். பதினேழு மாதம் கழிந்துவிட்டது, மீதிக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். பெரும்பாலான முதலாளிகள் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள். ஏழு மாதம் இருந்து முடித்துவிட்டே போவது அதைவிடச் சுத்தமானது.

சான்றிதழ்கள் வேறு விஷயம். அவை உங்கள் உடைமை. பிணையாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) எழுத்து மூலம் கேளுங்கள். அனுபவச் சான்றிதழையும் அதே மூச்சில் கேளுங்கள். அதில் "ஜிக், ஃபிக்சர் வடிவமைப்பு" என்ற சொற்களும் சேர்ந்த தேதியும் இருக்க வேண்டும், உங்கள் விசாவின் பாதி பலம் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

படங்களை எடுத்துப் போகாதீர்கள். நீங்கள் வரைந்தவைதான், ஆனால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வேலையின் பகுதியாகப் படைத்ததன் முதல் உரிமையாளர் முதலாளி. பென் டிரைவில் பத்து ஃபிக்சர் படங்களோடு போய் நின்றால் புதிய முதலாளிக்கே உள்ளூர ஒரு கேள்வி எழும்: நாளை நம் படங்கள் எங்கே போகும்? கடையில் கிடைக்கும் ஒரு குழாய் இணைப்பையோ கதவுக் கீலையோ வாங்கி வைத்து, அதற்கு ஒரு டிரில் ஜிக், ஒரு வெல்டிங் ஃபிக்சர், ஓர் ஆய்வு கேஜ் என்று புதிதாக வரைந்து எடுத்துப் போங்கள்.

இன்னொரு சிறு காகிதம். உங்கள் டிப்ளமோவில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராக விரிந்திருக்கிறது, பத்தாம் வகுப்புச் சான்றில் முதலெழுத்து பின்னால் வருகிறது. மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எளிய கருவி என்று தாழ்வாக எழுதாதீர்கள்

என் தந்தை கூடலூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை நசுக்கி நறுக்கும் சிடிசி ரோலர்களுக்குப் பல் வெட்டித் தருவதுதான் முக்கிய வேலை. ஒருமுறை கன்வேயர் சங்கிலிக்கு 200 தகடுகள் கேட்டார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துளை, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி. டிரில்லை வழிநடத்த, கடினப்படுத்திய இரண்டு புஷ்களை வைத்து அப்பா ஒரு ஜிக் செய்தார். உதவிக்கு இருந்த பையன் தகட்டைத் தலைகீழாகப் போட்டு நாற்பதைக் கெடுத்துவிட்டான். அப்பா அவனைத் திட்டவில்லை. தகட்டின் ஒரு மூலை ஏற்கெனவே வெட்டியிருக்கும். ஜிக்கின் அந்த மூலையில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு முளையைப் பற்றவைத்தார். அதன்பின் தலைகீழாகப் போட்டால் தகடு உட்காராது. மீதித் தகடுகளைப் பையன் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டே துளையிட்டான். எளிய கருவி என்றால் எனக்கு அந்த முளைதான் நினைவுக்கு வரும். உங்கள் உரிமையாளர் உங்களுக்கு வைத்த தேர்வும் அநேகமாக அதைத்தான் தேடியிருக்கும்.

நீங்கள் கற்றதில் பெரும்பகுதி கடல் தாண்டியும் செல்லும். இங்கும் அங்கும் படத்தை முதல் கோண முறையில்தான் வரைகிறார்கள். எச்7, ஜி6 என்று நீங்கள் போடும் பொருத்த அளவுகள் அங்கும் அவையே. எஃகின் பெயர்கள் மாறும். டி2 என்று நாம் சொல்வது அங்கே 1.2379. அந்த எண்ணில் உள்ள புள்ளி வெறும் புள்ளி. மற்ற இடங்களில் கவனம் வேண்டும். ஜெர்மானியர்கள் தசமத்துக்குக் காற்புள்ளி போடுகிறார்கள், ஆயிரத்துக்குப் புள்ளி வைக்கிறார்கள். 12,5 என்றால் பன்னிரண்டரை. 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. உங்கள் ஒப்பந்தத்தில் சம்பளம் 3.400,00 என்று இருப்பதைப் பார்த்து மூன்று சொச்சம் யூரோவா என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவன் கேட்டது நல்ல கேள்வி.

மாறப்போவது சிந்தனைக் கணக்கு. கோவையில் ஒரு பம்ப் உடலுக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் ஃபிக்சர் செய்தீர்கள், அதற்குத் தனி அடித்தட்டு, தனி கிளாம்ப் என்று செலவழிக்கலாம். இத்தகைய சிறு பட்டறைகளுக்கு இருபது, ஐம்பது என்று சிறு ஆர்டர்கள் வரும். ஆள் கூலி அதிகம், எனவே ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாறும் நேரம்தான் பணம். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகளின் வரிசை கொண்ட வெல்டிங் மேசைகள், கழற்றி மாற்றும் நிறுத்திகள் இவற்றோடு பழகுங்கள். ஒரு ஃபிக்சர் ஒரு மாதம் வேலை செய்துவிட்டுக் கலைக்கப்படும். அதில் மனவருத்தம் கூடாது.

ஜெர்மன் படிக்கச் சொல்வதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. உரிமையாளர் ஆங்கிலம் பேசுகிறார், சரி. உங்கள் ஃபிக்சரைக் கையில் பிடிக்கப்போகிறவர் வெல்டர். அவர் முப்பது வருடமாக அந்த மூலையில் நிற்பவராக இருப்பார், ஆங்கிலம் பேச வேண்டிய தேவை அவருக்கு வந்திருக்காது. கிளாம்ப் டார்ச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்பதை அவர் சொல்ல, நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அது முடியாவிட்டால் மூன்றாவது மாதத்தில் உங்கள் ஃபிக்சர்கள் அலமாரியில் கிடக்கும். கோவையில் கோதே மையம் இருக்கிறது. பாண்டின் மீதி ஏழு மாதத்தை அதற்குப் பயன்படுத்தினால் ஏ2 எட்டக்கூடியதே. அங்கீகாரக் கூட்டு மேல் என்று நான் சொன்னதும் இதனால்தான்: மொழி, பாண்ட், சான்றிதழ் மூன்றும் ஒரே காலக்கணக்கில் முடிகின்றன, கடனும் தேவைப்படாது. உரிமையாளர் ஏழு மாதம் காத்திருப்பாரா என்பீர்கள். கேட்டுப் பாருங்கள். நல்ல ஆள் கிடைக்காமல்தானே பந்தலூர் வரை தேடியிருக்கிறார்.

அப்பாவின் வீட்டைப் பற்றி ஒன்று. இரண்டாண்டுக்குள் ஜெர்மன் சம்பளத்தில் வீடு கட்டிவிடுவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் ஆண்டில் அது நடக்காது, அதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஓய்வு நாளுக்கு முன்பே அவருடைய பணிக்கொடை, சேமநிதி விவரங்களை எழுதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் சிக்கல் இருந்தால் தனியாக எழுதுங்கள், அது என் அன்றாட வேலை.

இந்த வாரமே உரிமையாளருக்கு, ஏஜென்டுக்கு நகல் போடாமல், நேரடியாக எழுதுங்கள். என் பணிப்பெயர் என்ன, வேலை விவரத்தில் கருவி வடிவமைப்பு என்று எழுதித் தருவீர்களா, விசாவுக்கு எந்த வழியில் விண்ணப்பிக்கிறோம், தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா, ஏஜென்டுக்கு நீங்கள் ஏதும் தருகிறீர்களா. ஐந்து கேள்விகள், ஐந்து வரிகள் போதும். பதில் எதுவானாலும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை ஏஜென்டுக்கு முன்பணமாக ஒரு ரூபாயும் போக வேண்டாம். கோவை நிறுவனத்திடம் சான்றிதழ் கேட்கும் கடிதத்தின் மாதிரியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தேதி போட்டு, கையெழுத்திட்டு, சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். அந்தச் சான்று கைக்கு வந்ததும் பாட்டியின் பெட்டியில் வைக்கக் கொடுங்கள்.